ஜீப்பை உயர்த்த: சொந்தக் கையா, பட்டறையா?

சிறுமலை, மேகமலைப் பாதைகளுக்காகச் ஜீப்பின் சஸ்பென்ஷனை (சக்கரங்களுக்கு மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பை) உயர்த்த நினைக்கும் மதுரைக்காரர்கள் பலர், அதற்கான உதிரிபாகத் தொகுப்பான லிஃப்ட் கிட்டைத் தாமே மாட்டுவதா, பட்டறையில் கொடுப்பதா என்று தயங்குகிறார்கள்.

செலவு: தாமே மாட்டினால் கூலி மிச்சம்; ஆனால் ஜாக் ஸ்டாண்டும் (தூக்கிய வண்டியைத் தாங்கும் முட்டு) டார்க் ரெஞ்சும் (போல்ட்டை அளவான விசையில் முறுக்கும் கருவி) இல்லாதவருக்கு அந்த மிச்சம் கருவிகளிலேயே கரையும்.

பாதுகாப்பு: பொலிரோவின் பின்புற லீஃப் ஸ்பிரிங்கில் (பட்டை ஸ்பிரிங்) அதை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை மாற்றுவது பழகிய கைக்கு எட்டும் வேலைதான்; ஆனால் முன்புறக் காயில் ஸ்பிரிங் (சுருள் ஸ்பிரிங்), அழுத்தப்பட்ட நிலையில் நழுவினால் ஆளையே அடித்துவிடும் என்பதால், அதற்குரிய கருவியும் அனுபவமும் உள்ள மெக்கானிக்கிடம் விடுவதே முறை.

யார் மாட்டினாலும் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம் சரியா என்று) பார்த்தே ஆக வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதால், கிட் வாங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பின்புறம் மட்டும் என்றால் கருவியுள்ளவர் வீட்டிலேயே மாட்டலாம். முன்புறத்தையும் தொடுபவருக்குப் பட்டறைதான்.