ஒளிச்சுழல் தேட ஒரு ஷாக்-ஹார்ட்மன் உணரி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கிண்டியில் உள்ள எங்கள் ஒளியியல் ஆய்வகத்துக்கு ஷாக்-ஹார்ட்மன் அலைமுகப்பு உணரி ஒன்றை வாங்கி ஓராண்டுக்கு மேலாகிறது. அதிலுள்ள நுண்வில்லைகளின் வரிசை கற்றையைப் பல ஒளிப்புள்ளிகளாகக் குவிக்கும். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நகர்கிறது என்பதிலிருந்து, அந்த இடத்தில் அலைமுகப்பு, அதாவது ஒளியலை ஒரே நிலையில் இருக்கும் புள்ளிகளை இணைக்கும் பரப்பு, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியும். லேசர் கற்றைக்குள் ஒளிச்சுழல் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டறியவே அதை வாங்கினோம் என்பதால், அந்த ஒரு வேலையை அது எப்படிச் செய்கிறது என்பதை மட்டுமே எழுதுகிறேன்.

ஒளிச்சுழலின் மையத்தில் ஒளி இராது. அதைச் சுற்றி ஒரு முழுச் சுற்று வந்தால் அலையின் கட்டம் (அலைவில் அது எந்த நிலையில் இருக்கிறது என்பது) 2π ரேடியனோ, அதன் முழு எண் மடங்கோ மாறியிருக்கும். இயற்பியலாளர்கள் நையும் பெர்ரியும் 1974இல் இதை விரிவாக விளக்கினார்கள். கேமராவில் இருள் தெரிவது மட்டும் சுழலுக்குச் சான்றாகாது. கண்ணாடியில் ஒட்டிய தூசியும் இருளாகத்தான் தெரியும். இரு கற்றைகள் கலக்கும்போது தோன்றும் குறுக்கீட்டுப் பட்டைகள் கவைபோல் பிரிவதைப் பார்ப்பது பழகிய வழி, ஆனால் அதற்கு ஒப்பீட்டுக் கற்றையும் அதிராத மேசையும் வேண்டும். பெரிய சாலையை ஒட்டிய கட்டடத்தில் பகலில் அது எங்களுக்குக் கைகூடவில்லை. இந்த உணரிக்கு ஒப்பீட்டுக் கற்றையே தேவையில்லை.

கருவியைப் பொறுத்தவரை எனக்கு முழு நிறைவு. நுண்வில்லைகளின் இடைவெளி 150 மைக்ரோமீட்டர், குவியத்தூரம் 5 மில்லிமீட்டர். 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசரில், நான்கு வில்லைகளின் நடுவே ஒற்றைச் சுழல் அமர்ந்தால், ஒவ்வொரு வில்லையின் மையத்திலும் சாய்வு ஏறத்தாழ 0.95 மில்லிரேடியன், ஒளிப்புள்ளி நகரும் தொலைவு 4.7 மைக்ரோமீட்டர், அதாவது எங்கள் கேமராவில் ஏறக்குறைய ஒரு பிக்சல். அந்த நகர்வை உணரி தெளிவாகக் காட்டுகிறது.

குறை மென்பொருளில் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. உடன் வந்த நிரல் சாய்வுகளிலிருந்து மீச்சிறு வர்க்க முறையில் (அளவீடுகளோடு மிக நெருங்கிப் பொருந்தும் பரப்பைத் தேடும் முறை) அலைமுகப்பை மீட்டெடுத்து, செர்னிகே கெழுக்களாக, அதாவது அலைமுகப்பின் வடிவத்தை விவரிக்கும் எண்களாக, தருகிறது. அந்த முறை, சாய்வுகள் எல்லாம் ஒரே சீரான பரப்பிலிருந்து வந்தவை என்று கொள்வதால், சுழன்று செல்லும் பகுதி கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது. கற்றையில் சுழலை உண்டாக்கும் சுருள் கட்டத் தகட்டை வைத்து, சுழல் இருப்பதை உறுதியாக அறிந்த கற்றையைச் செலுத்தியபோதும் திரையில் ஏறக்குறையத் தட்டையான பரப்பே தெரிந்தது. அலைமுகப்பைத் திருத்தும் வேலைக்கு வாங்குபவர்களுக்கும் இது சிறிய குறையன்று.

ஆகவே சாய்வுகளை மட்டும் வெளியே எடுத்து, சொந்தமாக நிரல் எழுதினோம். அண்டையிலுள்ள நான்கு வில்லைகளைச் சுற்றிச் சாய்வுகளைக் கூட்டினால், சுழல் இல்லாத இடத்தில் பூச்சியத்தை ஒட்டியும், சுழல் நடுவில் உள்ள இடத்தில் பெரிதாகவும் மதிப்பு வரும். அது 2π, அதாவது 6.28 ஆக வராது. வில்லை மையங்களின் சாய்வை மட்டும் கொண்டு கணக்கிட்டால் 4 ரேடியன்தான் கிடைக்கும். 6.28ஐ எதிர்பார்த்து வரம்பை 6இல் வைத்த எங்கள் மாணவி, முதல் வாரம் முழுவதும் ஒரு சுழலையும் காணாமல் தவித்தார். ஒரு வில்லையின் மையத்தில் சுழல் அமர்ந்து, அதைச் சூழ்ந்த எட்டு வில்லைகளின் வழியே கூட்டினால் மதிப்பு 6ஐ எட்டும். ஆனால் எதிரெதிர் திசையில் சுழலும் இரண்டு அந்த வளையத்துக்குள் சிக்கினால் ஒன்றையொன்று அழித்து, எதுவும் இல்லாததுபோல் காட்டும். நாங்கள் எட்டில் தேடி, நான்கில் இடத்தை உறுதிசெய்கிறோம். மையத்தை ஒட்டிய புள்ளிகள் மங்கியும் உருக்குலைந்தும் இருப்பதால், அவற்றுக்காகப் பதிவு நேரத்தைக் கூட்டினால் வெளிப்புறப் புள்ளிகள் நிரம்பி வழிகின்றன. இதற்கு நல்ல தீர்வு இன்னும் எங்களிடம் இல்லை.

ஏசியின் காற்று நேரே கற்றையில் படாமல் தடுப்பு வையுங்கள். புள்ளிகள் நடுங்குவது பெருமளவு குறையும். சென்னை ஈரப்பதத்தில் வில்லைகளில் பூஞ்சை படரும் என்பதால், உணரியைச் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய பெட்டியில் வைக்கிறோம்.

வாங்க எண்ணுபவர்கள், விற்பனையாளர் செயல்விளக்கம் காட்ட வரும் நாளில் ஒரு சுருள் கட்டத் தகட்டைத் தயாராக வைத்திருங்கள். அதை ஒளிப்பாதையில் வைத்து, மீட்டெடுத்த படத்தோடு நிற்காமல், ஒவ்வொரு வில்லையின் சாய்வையும் கோப்பாக எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.