30,000 ரூபாய்க்குள் கம்ப்யூட்டர்: செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப்பா, மினி பிசியா, புது லேப்டாப்பா?

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் அக்கா வீட்டில் கீழே எலெக்ட்ரிக்கல் சாமான் கடை, மேலே குடியிருப்பு. இரண்டுக்கும் சேர்த்து இருந்தது ஒரே கம்ப்யூட்டர். நாலாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் ஷட்டரைத் தூக்கி ஸ்விட்சைப் போட்டுவிட்டு மாமா டீ குடித்துவிட்டு வந்தாலும் கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் திறந்திருக்காது. போதாக்குறைக்கு விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட்டும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது, தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும். ஜிஎஸ்டி லாகினும் பேங்க் பாஸ்வேர்டும் புழங்குகிற மெஷினை அப்படியே விட மனசு வரவில்லை. 30,000 ரூபாய் ஒதுக்கினார்கள்.

எதை வாங்குவது என்பதில் மூன்று பேருக்கு மூன்று கருத்து. மாமாவுக்கு லேப்டாப் வேண்டும், கீழேயும் மேலேயும் கொண்டுபோகலாம் என்பது அவர் கணக்கு. எட்டாவது படிக்கும் அக்கா பெண் உள்ளங்கை அளவு மினி பிசியை எங்கேயோ பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்றாள். நான் பெரிய கம்பெனிகள் கழித்துவிடுகிற பிசினஸ் டெஸ்க்டாப் பக்கம். மூன்றையும் நேரில் பார்த்துவிடலாம் என்று கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு கிளம்பினோம். ஸ்ரீராமபுரத்தில் பச்சை லைன் மெட்ரோ ஏறினால் சிக்பேட்டை மூன்றாவது நிறுத்தம், அங்கிருந்து நடைதான்.

முதலில் இந்த வீட்டு வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒப்பீடே அதை வைத்துத்தான். பகல் முழுக்க டேலியில் பில், மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன், சப்ளையரின் பிடிஎஃப், வாட்ஸ்அப் வெப். சாயங்காலம் பெண்ணின் ஹோம்வொர்க், வீடியோ கிளாஸ். அக்கா கோயில் கமிட்டிக்குத் தமிழில் நோட்டீஸ் தட்டச்சு செய்வாள். கேம் இல்லை, வீடியோ எடிட்டிங் இல்லை. இந்த வேலைக்குக் கடந்த ஏழெட்டு வருடத்தில் வந்த எந்த நல்ல பிராசசரும் போதும். காத்திருக்க வைத்தது பிராசசர் இல்லை, அந்த ஹார்ட் டிஸ்க். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100, 150 எம்பி படிப்பதே பெரிது, அதுவும் சின்னச் சின்ன ஃபைல்களாகத் தேடிப் படிக்கும்போது இன்னும் இழுக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி, சாதாரண சாட்டா வகையாக இருந்தாலும் 500 எம்பியைத் தாண்டும். எதை வாங்கினாலும் எஸ்எஸ்டி, 8 ஜிபிக்குக் குறையாத ரேம், முடிந்தால் 16. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

புது லேப்டாப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். 30,000-க்குள் கடையில் எடுத்து நீட்டியவற்றில் பாதி பெயரில் மட்டும் புதிது. செலரான் என்4020 போட்ட மாடல் இன்னும் கண்ணில் படுகிறது. பிராசசருக்குள் வேலை பார்க்கும் கோர் இரண்டே இரண்டு, 4 ஜிபி ரேம், எஸ்எஸ்டிக்குப் பதில் இஎம்எம்சி என்கிற மெதுவான சேமிப்பு. அதை யார் தலையிலும் கட்டாதீர்கள், பிள்ளைக்கு வாங்கித் தந்த முதல் லேப்டாப் அழ வைக்கக்கூடாது. ஏஎம்டியில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். ரைசன் 3 7320யு, ரைசன் 5 7520யு என்று 7-இல் தொடங்கும் எண்ணைப் பார்த்தால் புத்தம் புது சில்லு போலத் தோன்றும், ஆனால் மூன்றாவது இலக்கம் 2 என்றால் உள்ளே இருப்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வகை கோர். ரைசன் 5 7530யு என்றால் மூன்றாவது இலக்கம் 3, அது ஜென் 3, ஆறு கோர். 7520-க்கும் 7530-க்கும் பெட்டியில் தெரிவது ஒரு இலக்க வித்தியாசம், வேலையில் தெரிவது அதைவிடப் பெரிது. தவிர, அந்த 7320, 7520 லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைத்து வரும், 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். இன்டெல் பக்கம் ஐ3-1215யு இந்த வேலைக்கு நன்றாகவே போதும், ஆனால் எங்களுக்குச் சொன்ன விலை பட்ஜெட்டைத் தாண்டியது.

விலையைக்கூட எப்படியாவது சமாளித்திருப்போம். நான் லேப்டாப் வேண்டாம் என்றதற்குக் காரணம் மாமாவின் கண்ணும் கழுத்தும். ஐம்பதைத் தாண்டியவர், வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுபவர், ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது மணி நேரம் எண்களைப் பார்க்கிறவர். மலிவு லேப்டாப்பில் திரைதான் முதலில் அடி வாங்கும் இடம்: வெளிச்சம் குறைவு, நிறம் வெளிறி இருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் இன்னும் மங்கும். 15.6 இன்ச்சில் டேலியின் பேலன்ஸ் ஷீட்டைக் காட்டினேன், மாமா தன்னையறியாமல் முன்னால் குனிந்தார். அதே கடையில் 22 இன்ச் ஐபிஎஸ் மானிட்டரில் அதையே காட்டினேன், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடி படித்தார். லேப்டாப்பில் கீபோர்டு கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் திரை தாழ்ந்துபோகும், திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினால் கீபோர்டு எட்டாது. அதற்குத் தனி கீபோர்டு வாங்கி ஸ்டாண்டு வாங்கினால் மேசையில் பாதி டெஸ்க்டாப் வந்துவிட்டதே. கணக்கு எழுதுகிறவர்களுக்கு வலதுபக்க எண் கட்டையும் முழு அளவில் வேண்டும், மலிவு லேப்டாப்பில் அது ஒடுங்கியிருக்கும், இல்லாமலேயேகூட இருக்கும்.

லேப்டாப்புக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஏப்ரல், மே மழையில் ஒரு மரக்கிளை ஒடிந்து விழுந்தால் தெருவே இருட்டாகிவிடும் ஊர் இது, பேட்டரி இருப்பது உண்மையான பலம். பில் போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டேலி டேட்டா கெட்டுப்போகும் பயமும் டெஸ்க்டாப்பில் உண்டு. ஆனால் அதற்கு 600 விஏ யுபிஎஸ் ஒன்று போதும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி, காகிதக் கணக்கில் 84 வாட்-ஹவர், நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது என்றாலும் ஒரு சின்ன டெஸ்க்டாப்பையும் மானிட்டரையும் கால் மணி நேரமாவது தாங்கும். பில்லை முடித்து, சேவ் செய்து, நிதானமாக அணைக்க அது தாராளம். அப்புறம், லேசர் பிரிண்டரை மட்டும் யுபிஎஸ்ஸின் பேட்டரி சாக்கெட்டில் செருகிவிடாதீர்கள், சூடேறும்போது ஒரே இழுப்பாக இழுக்கும், யுபிஎஸ் தாங்காது.

மினி பிசி. அக்கா பெண் கேட்டதில் தப்பே இல்லை. 2023-இல் வந்த இன்டெல் என்100 சில்லு போட்டவைதான் இந்த விலையில் அதிகம். நான்கு கோர், வெறும் 6 வாட் சில்லு. மானிட்டருக்குப் பின்னால் மாட்டிவிட்டால் மேசையில் இடமே எடுக்காது, சத்தமும் இல்லாததுபோலத்தான், வைஃபை உள்ளேயே இருக்கும், விண்டோஸ் 11 சிக்கலில்லாமல் ஓடும். டேலிக்கும் பிரவுசருக்கும் போதும் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் அந்த நான்கும் சிறு கோர்கள், ரேமும் ஒற்றை சேனல். பிரவுசரில் பதினைந்து டேப், வீடியோ கிளாஸ், டேலி மூன்றும் ஒன்றாக ஓடும்போது மூச்சு வாங்குகிறது. என்னைத் தடுத்தது இன்னொன்று. பல மாடல்களின் பெயரை நம் ஊரில் எந்த சர்வீஸ் சென்டரிலும் சொல்ல முடியாது. அடாப்டர் போனால், போர்டு போனால், யாரிடம் போவது? சிலவற்றில் விண்டோஸ் லைசென்ஸும் முறையாக இருப்பதில்லை. கடை மூடிக்கிடந்தால் மாமாவுக்கு அன்றைய வியாபாரமே போச்சு, அதனால் ரிப்பேர் பக்கத்திலேயே நடக்கிற பொருள்தான் வேண்டும்.

கரண்ட் மிச்சமாகுமே என்று மாமா கேட்டார். கணக்குப் போட்டோம். டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து சாதாரண வேலையில் சுமார் 50 வாட், மினி பிசி என்றால் சுமார் 30. தினமும் 9 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 12 யூனிட்டுக்கும் 7 யூனிட்டுக்கும் உள்ள வித்தியாசம். மாதம் 5 யூனிட்டுக்காக முடிவை மாற்ற வேண்டியதில்லை என்று மாமாவே சொல்லிவிட்டார்.

இப்போது என் பக்கம். டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி புரோடெஸ்க், எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர்: கம்பெனிகள் மூன்று நாலு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடுவதால் இந்த ஊரில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. அலுவலகத்தில் தினமும் ஓட வேண்டும் என்று செய்யப்பட்டவை, ஸ்க்ரூடிரைவர் இல்லாமலேயே பல மாடல்களைத் திறக்கலாம், உதிரி பாகம் எஸ்.பி. ரோட்டிலேயே கிடைக்கிறது. எங்களுக்கு அமைந்தது ஐ5-8500, ஆறு முழு கோர், 2018-இல் வந்தது, 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, பேரத்துக்குப் பிறகு 14,500 ரூபாய். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் ரேம் ஏற்கெனவே உள்ளே இருக்கும் பழைய மெஷினின் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. புதிதாக அசெம்பிள் செய்யலாம் என்று ஐ3-12100-க்கும் விலை கேட்டோம், அருமையான பிராசசர்தான், ஆனால் ரேமையும் எஸ்எஸ்டியையும் சேர்த்ததும் மானிட்டருக்குக் காசு மிஞ்சவில்லை.

செகண்ட் ஹேண்டில் ஏமாறுவதும் சுலபம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடைக்காரர் "ஐ7 சார்" என்று சொன்னால் அதோடு நிற்காமல் முழு எண்ணையும் கேளுங்கள். ஐ7-4770 என்றால் நாலாம் தலைமுறை, விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பட்டியலில் அது இல்லை. ஐ3-8100 பட்டியலில் உண்டு. ஆக, பேரில் பெரிய ஐ7-ஐ விட சின்ன ஐ3 உங்களுக்கு உதவும். இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். கீழே உள்ளதிலும் விண்டோஸ் 11-ஐ எப்படியோ ஏற்றித் தருவார்கள், ஓடவும் செய்யும், ஆனால் வருடாந்திரப் பெரிய அப்டேட் தானாக வராது, ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் மல்லுக்கட்ட வேண்டும். டெல் என்றால் பின்னால் ஏழு எழுத்து சர்வீஸ் டேக் இருக்கும், அதை டெல் தளத்தில் போட்டால் எப்போது விற்ற மெஷின் என்று அங்கேயே தெரிந்துவிடும். பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே திறக்கும் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய்ப் பாருங்கள். பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு இருந்தால் வாங்கவே வேண்டாம். எஸ்எஸ்டியின் ஆரோக்கியம், ஓடிய மணிநேரம் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள், காட்டமாட்டேன் என்கிற கடையில் நமக்கு வேலையில்லை. ரேம் 16 ஒரே குச்சியாக இல்லாமல் 8-ம் 8-மாக இருந்தால் வேகம் கொஞ்சம் கூடும்.

குறைகளையும் மறைக்க மாட்டேன். பவர் சப்ளை அந்தந்தக் கம்பெனியின் தனி அளவு, பொதுவாகக் கிடைக்கும் சப்ளை பொருந்தாது. பெரும்பாலும் வைஃபை இருக்காது, 500 ரூபாய்க்கு ஒரு டாங்கிள் வாங்கினோம். பின்னால் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருந்தது, மானிட்டரோடு வந்ததோ எச்டிஎம்ஐ கேபிள், வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்து மறுபடியும் மெட்ரோ ஏறினேன். கடை வாரண்டி பெரும்பாலும் மாதக் கணக்கில்தான். மேசையில் இடம் குறைவு என்றால் இதே கம்பெனிகளின் ஒரு லிட்டர் டப்பா அளவு மாடல்கள் உண்டு, பிராசசர் எண்ணின் முடிவில் டி என்று இருக்கும், 35 வாட் சில்லு, லேப்டாப் மாதிரி அடாப்டர். மினி பிசி ஆசைக்கு என் பதில் அதுதான், அன்றைக்கு நல்ல நிலையில் ஒன்று கிடைக்காததால் விட்டோம்.

மற்றவை எங்களுக்கு ஒத்துவரவில்லை. குரோம்புக்கில் டேலியை நேரடியாக நிறுவ முடியாது. ராஸ்பெரி பை 5 என்கிற ஒற்றை போர்டு குட்டிக் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைக்கு அருமை, கடைக்கு இல்லை. எம்4 மேக் மினி 2024-இல் 59,900 ரூபாய்க்கு வந்தபோதே பட்ஜெட்டுக்கு இரண்டு மடங்கு. ஆல் இன் ஒன்னில் ஒன்று கெட்டால் திரையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

உங்கள் பிள்ளை கல்லூரிக்குப் போகிறதா, வேலைக்காக ஊர் ஊராக அலைகிறீர்களா, அப்படியென்றால் என் வாதம் பொருந்தாது, கூட பத்தாயிரம் சேர்த்து ஐ3-1215யு அளவிலாவது ஒரு நல்ல லேப்டாப் வாங்குங்கள். நகராத இடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குத்தான் டெஸ்க்டாப்.

மொத்தக் கணக்கு: டெஸ்க்டாப் 14,500, மானிட்டர் 7,200, யுபிஎஸ் 3,000, கீபோர்டு மவுஸ் 900, டாங்கிள் 500. மானிட்டர், யுபிஎஸ் பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு வாங்கினோம், அந்த 18 சதவீதம் வரிக் கிரெடிட்டாக, அதாவது கடை கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிவாக வரும். பழைய சாமானுக்குச் சில வியாபாரிகள் மார்ஜின் முறையில், அதாவது வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டுவார்கள், அந்த பில்லில் கிரெடிட் கிடையாது, விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

மிச்சக் காசில் 2,800 ரூபாய்க்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கி, அந்தப் பழைய நாலாம் தலைமுறை மெஷினில் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் 22 ஏற்றி மாடியில் வைத்தேன். அதற்கு 2029 வரை அப்டேட் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தனியே எடுத்து, அதிலிருந்த டேலி டேட்டாவை இரண்டு இடத்தில் காப்பி எடுத்த பிறகுதான் பீரோவில் வைத்தோம். தமிழ்99 கீபோர்டை அமைத்துக் கொடுத்ததும் அக்கா ஆடிக் கூழுக்கான நோட்டீஸை அன்று ராத்திரியே அதில் அடித்து முடித்துவிட்டாள். இப்போது சாயங்காலமானால் மாமாவைக் கடையில் எழுப்பிவிட்டு ஹோம்வொர்க்குக்கு இடம் கேட்க வேண்டியதில்லை, பெண் மாடியிலேயே உட்கார்ந்துகொள்கிறாள்.