ஏழாம் சுற்றில் கோல்கீப்பர்: ஆறு சீசன் பட்ட பாடு

எங்கள் ஃபேன்டசி ஐஸ் ஹாக்கி லீக்கில் (நிஜ வீரர்களைச் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கி அணி அமைத்து, நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வதை வைத்து மோதிக்கொள்ளும் விளையாட்டு) புதிதாகச் சேர்ந்திருக்கும் நண்பன் நேற்று கேட்டான்: "ஏழாம் சுற்றில் கோலி எடுக்கலாமா, ஸ்கேட்டர் எடுக்கலாமா?" விராட் இல்லை, கோல்கீப்பர். இங்கே டொராண்டோவில் அப்படித்தான் சுருக்கிச் சொல்கிறார்கள். மற்ற வீரர்கள் எல்லாரும் ஸ்கேட்டர்.

கணக்கு கோல்கீப்பர் பக்கம்தான் நிற்கிறது. எங்கள் லீக்கில் 12 பேர், வாரம் பத்து கணக்கில் எதிராளியோடு மோதல். அதில் வெற்றி, தடுப்பு சதவீதம், வாங்கிய கோல் சராசரி, ஷட்அவுட் (ஒரு கோலும் விடாத ஆட்டம்) என்று நான்கு கோல்கீப்பருடையவை. பத்தில் நான்கை இரண்டே பேர் தீர்மானிக்கிறார்கள். என்.ஹெச்.எல். என்கிற வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் இருப்பதே 32 அணிகள், அணிக்குப் பெரும்பாலும் ஒரே முதன்மைக் கோல்கீப்பர். ஆளுக்கு இரண்டு பேரை எடுத்தால் 24 போய்விடும். ஏழாம் சுற்றில் கிடைக்கும் ஸ்கேட்டர் மாதிரி ஒருவரை, யாரும் எடுக்காமல் விட்டவர்களிலிருந்து நவம்பரில் சும்மாவே பொறுக்கிக்கொள்ளலாம், கோல்கீப்பரை முடியாது.

நடுச் சுற்றில் எனக்கு அடித்த லாட்டரி, 2022-23 சீசனில் பாஸ்டனின் லினஸ் உல்மார்க். 49 ஆட்டங்களில் 40 வெற்றி, சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பை. வான்கூவருக்கு எதிராக ஆளில்லாத வலையில் அவரே ஒரு கோலும் போட்டார். எங்கள் லீக்கில் கோல்கீப்பர் போடும் கோலுக்கு மதிப்பெண் கிடையாது, இருந்தும் சோபாவிலிருந்து குதித்தேன். ஜெயித்ததும் அவரும் அணியின் இன்னொரு கோல்கீப்பர் ஸ்வேமனும் கட்டிப்பிடித்துக்கொள்வதைப் பார்ப்பதற்காகவே என் மகள் தூங்காமல் உட்கார்ந்திருப்பாள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள்.

வாரத்துக்குக் கோல்கீப்பர் ஆட்டம் குறைந்தது மூன்று வேண்டும், இல்லையென்றால் நான்கு கணக்கும் அம்பேல். ஆனால் சனி, ஞாயிறு அடுத்தடுத்து ஆட்டம் வந்தால் ஒரே ஆளை இரண்டிலும் இறக்குவது அபூர்வம். ஒருநாள் மாற்று ஆள்தான். எந்த நாள் என்று பயிற்சியாளர் முன்கூட்டிச் சொல்லித் தொலைக்க மாட்டார். போன சீசன் அரையிறுதியில் எனக்கு இரண்டு ஆட்டம் முடிந்து ஒன்று பாக்கி. ஞாயிறு மதியம் மளிகைக் கடை வரிசையில், கையில் மல்லிக்கட்டோடு, போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறேன். இறங்கியது மாற்று ஆள். என் ஸ்கேட்டர்கள் ஆறில் நான்கை ஜெயித்துக் கொடுத்திருந்தார்கள். 4-6, வெளியே.

பயிற்சியாளர் மேல் தப்பில்லை, தெரியும். ஒருத்தரையே சீசனின் எல்லா ஆட்டத்திலும் நிறுத்தினால் இடுப்பு என்னாவது? மூன்றாவதாக ஒரு கோல்கீப்பரை வைத்துக்கொள்ளாதது என் கஞ்சத்தனம். அதுவும் தெரியும்.

அதனால் நண்பனுக்கு என் பதில்: எடு, கண்ணை மூடிக்கொண்டு எடு. நான் இந்த அக்டோபரில் ஏழாம் சுற்றில் எடுக்கப்போவது ஒரு டிஃபென்ஸ்மேன், அதாவது தற்காப்பு ஆட்டக்காரர். நாலு பேரை இடிப்பார், இரண்டு ஷாட்டை உடம்பால் தடுப்பார், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருவார். நல்ல கோல்கீப்பர் யாராவது அதுவரை மிச்சமிருந்தால் எனக்கு முன்னாடியே நீ தூக்கிவிடு. கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது.