மூட்டு வலியோடு போனேன், ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள்

நான் தையல்காரி, வயது 46. விரல் கணுக்கள் வீங்கி, காலையில் கை மடங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திருச்சியில் இருக்கும் இந்த மூட்டுவாத கிளினிக்குக்கு அந்த நிலையில்தான் வந்தேன். அதற்கு முன் வேறொரு இடத்தில், சிக்குன்குனியா விட்டுப்போன வலி என்று சொல்லி மாதக்கணக்கில் வலி மாத்திரை கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் 8.4 என்று குறைவாக வந்ததும் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தது. மூட்டு வலிக்கும் ரத்தக்குறைவுக்கும் தொடர்பு உண்டா என்று யாரும் பார்க்கவில்லை.

இங்கே டாக்டரம்மா ரிப்போர்ட்டைத் தொடும் முன் என் கையைப் பிடித்தார். ஒவ்வொரு கணுவாக அமுக்கி, எது வலிக்கிறது, எது வீங்கியிருக்கிறது என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டார். முடக்குவாதம், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய், இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தது. அதோடு விட்டுவிடவில்லை. அது இல்லாமலும் முடக்குவாதம் இருக்கலாம், நோயே இல்லாத வயதானவர்கள் சிலருக்கு அது பாசிட்டிவாகவும் வரலாம் என்று விளக்கிவிட்டு, அதே நோயை இன்னும் துல்லியமாகக் காட்டும் ஆன்டி சிசிபி ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். அது நன்றாகவே உயர்ந்திருந்தது. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பியும் அப்படித்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது, ரத்தக்குறைவை அவர் விசாரித்த விதம். உடம்பில் அழற்சி நீடித்தால் இரும்புச்சத்து கையிருப்பில் இருந்தாலும் உடல் அதைச் சரியாகப் பயன்படுத்தாது. அதே அழற்சி, இரும்புக் கையிருப்பைச் சொல்லும் ஃபெரிட்டின் அளவையும் ஏற்றிக் காட்டும். அதனால் ஃபெரிட்டின் நார்மல் என்ற ஒரு வரியை நம்பாமல் ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் பார்த்தார். மாதவிலக்கு எப்படி, மலம் கறுப்பாகப் போகிறதா, என்ன வலி மாத்திரை என்றெல்லாம் கேட்டு எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பினார். இரைப்பையில் புண். ஆக, முடக்குவாதம் ஒரு பக்கம் ரத்தத்தைக் குறைக்க, வலி மாத்திரை இன்னொரு பக்கம் கசிய விட்டிருக்கிறது.

வலி மாத்திரையை நிறுத்தி, புண் ஆறிய பிறகுதான் முடக்குவாதத்தைக் கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. அதற்கும் முன்னால் ஈரல் பரிசோதனை, ஹெபடைட்டிஸ் பி, சி, மார்பு எக்ஸ்ரே எல்லாம் முடித்தார்கள். இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டுவிட்டால் வெள்ளை அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. அங்கே இருக்கும் நர்ஸ் அக்கா அட்டையின் மேலே ‘ஞாயிறு மட்டும்’ என்று பெரிதாக எழுதி, என் மகளையும் கூப்பிட்டுக் காட்டினார். அதன் பக்கவிளைவைக் குறைக்கும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை வேறு நாளில். வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போன் பண்ணச் சொன்னார். இப்படி நிதானமாகச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இருப்பது டாக்டருக்குச் சமமான விஷயம்.

மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், அப்படியேதான் நடந்தது. இப்போது ஹீமோகுளோபின் 11.2. ஜாக்கெட் கை வெட்ட முடிகிறது, ஊசியில் நூல் கோர்க்க முடிகிறது. ரத்த அணு, ஈரல் டெஸ்ட் மட்டும் தவறாமல் எடுக்க வேண்டியிருக்கிறது.

குறை என்றால் காத்திருப்பு. டோக்கன் நேரத்துக்கும் உள்ளே கூப்பிடும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. மூட்டு வலிக்காரர்கள் வரும் இடம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. நிர்வாகம் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். முதல் தடவை போகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டோடு, சாப்பிட்ட வலி மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள். டாக்டரம்மா முதலில் அதைத்தான் கேட்பார்.