பிள்ளை கையில் வேட்டைத் துப்பாக்கி எப்போது? விஸ்கான்சின், நியூயார்க், ஜெர்மனி: ஓர் ஒப்பீடு

நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை விடியும்போது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒன்பது நாள் மான் வேட்டை சீசன் தொடங்கும். தாத்தா, மகன், பேத்தி என்று குடும்பமே ஆரஞ்சு ஜாக்கெட் மாட்டிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பும். இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு வேட்டை என்பது குற்றம் என்றே நமக்குப் பழகிவிட்டது. ஆனால் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்துக்கும் இந்தக் கேள்வி வரலாம். வகுப்புத் தோழன் போகிறான், நானும் போகட்டுமா என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? மூன்று இடங்கள் இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

விஸ்கான்சினின் பதில்: வயது வரம்பே கிடையாது. முன்பு, பெரியவர் துணையோடு போகவும் பத்து வயது ஆகியிருக்க வேண்டும். 2017-ல் வந்த சட்டம் அதை எடுத்துவிட்டது. வழிகாட்டும் பெரியவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இருக்கிறது. அந்த சீசனில் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைகள் பெயரில்கூட லைசென்ஸ் வாங்கினார்கள். அதை ஞாபகார்த்தமாக வாங்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். யாரும் கைக்குழந்தையிடம் துப்பாக்கி கொடுக்கப் போவதில்லை.

இதை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் பிள்ளையை என்னைவிட அரசுக்கா தெரியும் என்கிறார்கள். இன்னொரு கவலையும் உண்டு. அந்தச் சட்டம் வந்த சமயத்தில் அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். 2011 தேசியக் கணக்கெடுப்பில் 1.37 கோடி பேர்; 2016-ல் 1.15 கோடி. லைசென்ஸ் கட்டணமும், 1937 சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது விதிக்கும் வரியும்தான் அங்கே வனவிலங்குப் பாதுகாப்புக்குப் பெரும் வருமானம். சின்ன வயதிலேயே பழக்காவிட்டால் பிறகு வரமாட்டார்கள் என்று அஞ்சுகிறார்கள்.

என்னை உறுத்துவது வயது வரம்பு போனது அல்ல. அதே சட்டம் இன்னொன்றையும் எடுத்துவிட்டது. முன்பு சிறுவனுக்கும் பெரியவருக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கிதான். இப்போது ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். தன் துப்பாக்கியோடு மானைத் தேடும் ஒருவர் பக்கத்தில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளையின் விரல் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கவனிப்பார்? கை எட்டும் தூரம் என்ற நிபந்தனையே இதில் பாதி பலம் இழந்துவிடுகிறது.

நியூயார்க் நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தது. அங்கே துப்பாக்கியால் மான் சுட 14 வயது ஆகியிருக்க வேண்டும். 2021-ல் வந்த சட்டம் 12, 13 வயதினருக்கும் கதவைத் திறந்தது; ஆனால் மாநிலத்தின் வடபகுதியில் எந்தெந்தக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) சம்மதிக்கிறதோ அங்கே மட்டும். கூடப் போகிறவருக்கு 21 வயதும் மூன்றாண்டு மான் வேட்டை அனுபவமும் வேண்டும். இருவரும் ஆரஞ்சோ பிங்கோ உடுத்த வேண்டும், தரையிலேயே நிற்க வேண்டும். பரண் ஏறக்கூடாது என்ற இந்தக் கடைசி விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. மரத்துப் பரணிலிருந்து விழுவது வேட்டையில் அடிக்கடி நடக்கும் விபத்து. அதை எண்ணிப் பார்த்து எழுதிய விதி இது.

ஜெர்மனியில் பேச்சே வேறு. 16 வயதுக்கு முன்னால் லைசென்ஸ் இல்லை. அதற்கும் வேட்டைத் தேர்வு எழுதித் தேற வேண்டும்: துப்பாக்கி சுடுதல், எழுத்து, வாய்மொழி. விலங்குகளின் வாழ்க்கை, சட்டம், நாய் வளர்ப்பு, இறைச்சிச் சுகாதாரம் எல்லாம் பாடத்தில் உண்டு. தேறினாலும் 18 வரை பெற்றோரோ அவர்கள் எழுத்துமூலம் நியமித்த அனுபவஸ்தரோ கூடவே இருக்க வேண்டும். பலர் சேர்ந்து நடத்தும் கூட்டு வேட்டையில் துப்பாக்கியோடு கலந்துகொள்ள முடியாது. பாதுகாப்பு என்று பார்த்தால் இதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஒரு கிராமத்துப் பிள்ளை ஆர்வம் மிகுந்த வயதை எல்லாம் வேடிக்கை பார்த்தே கழிக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் எதுவானாலும் களத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்குச் செய்த துப்பாக்கியில் தோளில் பதிக்கும் கட்டை சிறுவனுக்கு நீளம். தோளில் வைத்தால் எடை முன்பக்கம் இழுக்கும், பிள்ளை இடுப்பை வளைத்துப் பின்னால் சாய்வான். துப்பாக்கி மேல் பொருத்திய ஸ்கோப்பில், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியில், படம் தெரியாமல் கழுத்தை நீட்டிக் கண்ணைக் கிட்டே கொண்டுபோவான். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்க, ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். கட்டையைக் குட்டையாக்கி, உதை குறைந்த தோட்டா போட்டு இதைச் சரிசெய்துவிடலாம்.

சரிசெய்ய முடியாதது வேறு. மான் பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, நுரையீரல் இருக்கும் இடத்தில் படவேண்டும். ஒரு சாண் பின்னே போனால் குண்டு குடலில் பாயும். அந்த மான் மணிக்கணக்கில் துடித்துத்தான் சாகும். சுடுமுன் மானுக்குப் பின்னால் வீடு இருக்கிறதா, ஆள் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே குளிரில் விடிகாலையிலிருந்து உட்கார்ந்து, கடைசியில் ஒரு மான் வந்து நின்றும் கோணம் சரியில்லை என்று விசையிலிருந்து விரலை எடுக்கத் தெரிகிறதா? நான் பார்க்கச் சொல்வது இதைத்தான். ஏழு வயதில் குறி பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் நிறைய. இப்படி விட்டுவிடத் தெரிந்தவர்கள் குறைவு.

அவசரப்படவும் காரணமில்லை. வேட்டையையே நம்பி வாழும் சமூகங்கள் உட்பட உலகில் 40 இடங்களிலிருந்து திரட்டிய தரவுகளை வைத்து 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. வேட்டைத் திறமை உச்சத்தைத் தொடுவது பொதுவாக 30-லிருந்து 35 வயதுக்குள் என்று அதில் தெரிந்தது. உடல் பலம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது; அறிவும் நிதானமும்தான் மெல்ல வருகின்றன. கனடாவின் வடக்கே இனுவிட் மக்களிடம் சிறுபிள்ளைகளே வேட்டையில் இருக்கிறார்கள். ஆனால் முதல் வேட்டையை அந்தப் பிள்ளை தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை. நுனாவிக் பகுதியில் அது, பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்த பெண்ணுக்குப் போகும். அந்த ஏற்பாட்டில் பிள்ளைக்குச் சுற்றி ஊரே இருக்கிறது. விஸ்கான்சின் அப்பாவுக்கு அது இல்லை, அதனால் வயதை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வது சரிவராது.

மூன்றில் நான் தேர்ந்தெடுப்பது நியூயார்க்கின் பன்னிரண்டு. அதனோடு விஸ்கான்சின் கைவிட்ட ஒரே துப்பாக்கி விதியையும் சேர்த்துக்கொள்வேன். அதற்காக 12 வரை வீட்டில் உட்கார வைக்க வேண்டியதில்லை. ஆறேழு வயதிலேயே வெறுங்கையோடு கூட்டிப் போங்கள். தடம் பார்க்கட்டும், மானை அறுத்துச் சுத்தம் செய்வதையும் பார்க்கட்டும். அதைப் பார்த்தபிறகு வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. பன்னிரண்டு ஆனபிறகும் அப்படிச் சொன்னால், லைசென்ஸ் வாங்கிவிட்டோமே என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.