மெஸ் தரைக்கு எது தாங்கும்: பளபள டைல்ஸா, டபுள் சார்ஜா, கல்லா?

பெங்களூரு அல்சூரில் என் மச்சான் நடத்தும் மெஸ்ஸில், வாசலிலிருந்து கல்லாப்பெட்டி வரைக்கும் ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது. யாரும் போட்டதில்லை, ஆட்கள் நடந்து நடந்தே விழுந்தது. வெள்ளை மார்பிள் போல மின்னிய தரை இரண்டே வருடத்தில் அந்தத் தடத்தில் மட்டும் செத்த மீன் கண் மாதிரி மங்கிவிட்டது. மேசைகளுக்கு அடியில் மட்டும் இன்னும் புதுசு.

அது ஜிவிடி எனப்படும் கிளேஸ்டு விட்ரிஃபைடு டைல்ஸ். அடியில் விட்ரிஃபைடு, அதாவது கடும் சூட்டில் சுட்டுக் கண்ணாடி போல இறுகிய, கெட்டியான உடம்பு, மேலே டிஜிட்டல் அச்சில் ஒரு படம், அதற்கும் மேலே மெல்லிய கண்ணாடிப் பூச்சு. உடம்பு உடையவில்லை, பூச்சுதான் போனது. தேய்ப்பது செருப்பு அல்ல, செருப்பில் ஒட்டி வரும் மணல். மணலில் உள்ள குவார்ட்ஸுக்கு, கடினத்தை 10 வரை அளக்கும் மோஸ் அளவில் 7. பூச்சு அதற்குக் கீழே. ஊரில் எப்போதும் ஏதாவது ஒரு சாலை தோண்டிக் கிடக்கிறது, மணலுக்குப் பஞ்சமே இல்லை. பூச்சுள்ள டைல்ஸின் தேய்மானத்துக்குப் பிஇஐ என்று 5 வரை ஒரு எண் உண்டு. கடைக்கு 5 வேண்டும். நாங்கள் வாங்கும்போது அதைக் கேட்கவே இல்லை. தப்பு எங்களுடையதுதான்.

தரையை மாற்றுவது என்று முடிவானதும், இந்த முறை ஷோரூமில் உடைந்த துண்டுகளைக் கேட்டு வாங்கிப் பக்கவாட்டில் பார்த்தோம். முகத்தைவிட அந்த ஓரம்தான் உண்மை பேசும். ஜிவிடியில் நிறம் மேலே ஒரு கோடு மட்டும். டபுள் சார்ஜ் என்ற வகையில் 3, 4 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நிறம் இறங்கியிருக்கும், அதனால் மேலே கொஞ்சம் தேய்ந்தாலும் அடியில் அதே நிறம்தான் வரும். ஃபுல் பாடி என்ற வகையில் மேலிருந்து கீழ் வரை ஒரே நிறம், சட்டி விழுந்து ஓரம் சில்லு போனாலும் வெள்ளைப் புண் தெரியாது. ஆனால் இந்த இரண்டிலும் டிசைன் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, உப்பும் மிளகும் தூவியது போலத்தான் இருக்கும். மச்சானின் முகம் சுருங்கியது.

டபுள் சார்ஜுக்கு வேறொரு குறை. பெரும்பாலும் பாலிஷ் போட்டுத்தான் வருகிறது, ஈரம் பட்டால் வழுக்கும். பாலிஷில் நுண்துளைகள் திறந்துகொள்வதால் மஞ்சள், சாம்பார் கறையும் பிடிக்கலாம். அதை அடைக்கத்தான் நானோ பூச்சு, அதுவும் நிரந்தரமில்லை. அதனால் சாப்பாட்டுக் கூடத்துக்கு டபுள் சார்ஜ் சரி, கை கழுவும் இடத்துக்குக் கூடாது. வழுக்காமை எண் ஆர் 9 முதல் ஆர் 13 வரை போகும். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஆர் 11 கேளுங்கள்.

கோட்டா கல்லை என் மாமா சிபாரிசு செய்தார். ராஜஸ்தான் சுண்ணாம்புக்கல், விலை குறைவு, பாலிஷ் போடாமல் விட்டால் வழுக்காது, தேய்ந்தால் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். ஆனால் புளிப்பு ஆகாது. ஒரு துண்டில் பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து இரவு முழுக்க விட்டோம். காலையில் வட்டமாக ஒரு வெளிறிய தடம். ரசம் கொட்டாத மெஸ் எங்கே இருக்கிறது?

கிரானைட்டுக்கு அந்தக் கவலை இல்லை. 1956-இல் முடிந்த சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவையே கருங்கல்லில் கட்டிய ஊர் இது. ஊருக்குத் தெற்கே ஜிகணி பக்கம் போனால் அறுத்துத் தருகிறார்கள். ஃப்ளேம்டு என்று நெருப்பு காட்டிச் சொரசொரப்பாக்கிய பலகை அடுப்படிக்கு அருமை. எண்ணெய் பிசுக்கு அந்தச் சொரசொரப்பில் உட்கார்ந்துகொள்ளும், தினமும் பிரஷ் போட்டே ஆக வேண்டும். எடையும் கூலியும் அதிகம்.

எதை வாங்கினாலும் பதிப்பது கெட்டால் எல்லாம் கெட்டது. போன முறை மேஸ்திரி டைல்ஸின் நாலு மூலையிலும் நடுவிலும் சிமெண்ட் உருண்டை வைத்து ஒட்டிவிட்டார். கேட்டதற்கு, "அண்ணே, கிரௌட் போட்டா ஒண்ணும் தெரியாது" என்றார். கிரௌட் என்றால் டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கலவை. பிறகு தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம், சிலிண்டரை உருட்டிய இடத்தில் இரண்டு விரிசல். இந்த முறை பல் கரண்டியால் அடி முழுக்கப் பசை இழுக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்றேன். இடுக்குக்கு எபாக்சி என்ற பிசினில் செய்த கிரௌட். சிமெண்ட் கிரௌட்டைவிடப் பல மடங்கு விலை, ஆனால் எண்ணெயையும் மஞ்சளையும் குடிக்காது.

கடைசியில் கூடத்துக்கு டபுள் சார்ஜ், வாசலுக்கும் கை கழுவும் இடத்துக்கும் பளபளப்பில்லாத மேட் ஃபுல் பாடி, அடுப்படிக்குக் கிரானைட். வாசலில் நாலு எட்டு எடுத்து வைக்கும் நீளத்துக்குக் கால் மிதியடி. இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கி மாடிப்படிக்கு அடியில் அடுக்கியிருக்கிறோம், பிற்பாடு தேடினால் அதே பேட்ச், அதே ஷேடு கிடைக்காது என்பதால். மச்சான் இப்போது அதன் மேல் வெங்காய மூட்டையை ஏற்றி வைத்திருக்கிறார்.