ஃபுட்பால் மேனேஜர் 2024: பையன்களுக்கு அள்ளியும் மூத்தவர்களுக்குக் கிள்ளியும் கொடுக்கும் ஆட்டம்

ஒரு கால்பந்து கிளப் தன் சொந்தப் பயிற்சிப் பள்ளியான அகாடமியின் பையன்களை வளர்த்து எடுக்க வேண்டுமா, பழம் தின்று கொட்டை போட்டவர்களை வைத்தே வண்டியை ஓட்ட வேண்டுமா? இந்த வாக்குவாதத்தை உட்கார்ந்த இடத்திலேயே சோதித்துப் பார்க்க, நாமே ஒரு கிளப்பின் மேலாளராக ஆடும் ஃபுட்பால் மேனேஜர் 2024 என்ற கணினி விளையாட்டைவிட நல்ல கருவி இல்லை. ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் உருவாக்கி, சேகா 2023 நவம்பர் 6 அன்று வெளியிட்டது. முந்தைய பதிப்பில் சேமித்த ஆட்டத்தை அப்படியே இதில் தொடரலாம். தொடரிலேயே இது முதல் தடவை. 16 வயதில் வந்த பையன் 24 ஆவதைப் பார்க்க எட்டு சீசன் ஆடியாக வேண்டும். அதற்குள் அடுத்த பதிப்பு வந்து, பாதியில் விட்டவர்கள் எத்தனையோ பேர்.

ஒவ்வொரு வீரரின் திறமைகளுக்கும் திரையில் தெரிவது 1 முதல் 20 வரையிலான எண்கள். அவற்றுக்குப் பின்னால் 200க்கு இரண்டு எண்கள் ஒளிந்திருக்கின்றன: இன்றைய திறன், எட்டக்கூடிய உச்சம். நமக்குக் காட்டுவது நட்சத்திரம் மட்டும்தான். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். நட்சத்திரம் உங்கள் அணியோடு ஒப்பிட்டுப் போடப்படுகிறது, அதுவும் உதவிப் பயிற்சியாளரின் கணிப்பில். மேல் டிவிஷனுக்கு ஏறி நல்ல ஆட்களை வாங்கியதும் நேற்றைய நான்கு நட்சத்திரப் பையன் இரண்டரைக்கு இறங்கிவிடுவான். அவனிடம் ஒரு குறையும் இல்லை, அளவுகோல்தான் மாறியிருக்கிறது. பயந்துபோய் விற்றுவிடாதீர்கள். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதும் இங்கே பாதிதான் உண்மை. உச்ச எண் ஒரு கூரை மாதிரி; பெரும்பாலான பையன்கள் அதைத் தொடாமலே முடிந்துபோகிறார்கள்.

தொடுவதும் தொடாததும் பெரிதும் குணத்தைப் பொறுத்தது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் புது அகாடமிக் கூட்டத்தின் குணம், இளையோர் மேம்பாட்டுத் தலைவராக நீங்கள் அமர்த்தும் ஆளின் குணத்தைச் சார்ந்து அமையும். அதனால் அந்தப் பதவிக்கு ஆள் எடுக்கும்போது எண்களைவிடப் பெயருக்குக் கீழே இருக்கும் பெர்சனாலிட்டியைப் பாருங்கள். 'மாடல் சிட்டிசன்', 'புரொஃபஷனல்' என்றிருந்தால் எடுங்கள். 'கேஷுவல்', 'ஸ்லாக்' என்றிருந்தால் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் வேண்டாம்.

வந்த பிறகு குணத்தைத் திருத்துவது மென்டரிங், அதாவது மூத்தவர்களோடு சேர்த்துவிட்டுப் பையனைப் பழக்குவது. பழைய பதிப்புகளில் ஒரு மூத்தவர், ஒரு பையன் என்று ஜோடி சேர்ப்பார்கள். 2019 பதிப்பிலிருந்து குழு முறை. குறைந்தது மூன்று பேர் வேண்டும். 33 வயது கேப்டன், 27 வயதில் நிலைத்துவிட்ட ஒருவர், 17 வயதுப் பையன் என்று போட்டால் வேலை செய்யும். ஒரு மூத்தவரோடு மூன்று சோம்பேறிப் பையன்களைச் சேர்த்தால் ஒன்றும் நகராது. அணியில் செல்வாக்கு இல்லாத மூத்தவரைப் போட்டாலும் அப்படித்தான். ஒழுங்கற்ற மூத்தவரைப் போட்டால் அவர் குணம் பையனுக்கு ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, பையன் பெரியவர்களோடு பயிற்சி எடுக்க வேண்டும். முதல் அணிக்கு மாற்றிவிட்டு, இளையோர் ஆட்டங்களுக்கும் கிடைப்பான் என்று குறித்துவையுங்கள். மாறுவது டிட்டர்மினேஷன் என்ற மன உறுதி எண்ணும் மறைந்திருக்கும் குண எண்களும் சில ஆட்டப் பழக்கங்களும் மட்டுமே. ஷூட்டிங், பாஸிங் எல்லாம் இதில் ஏறாது.

18 வரை நல்ல பயிற்சி வசதி போதும். அதன்பின் ஆட்ட நிமிடங்கள்தான் சோறு. பெஞ்சில் உட்கார்ந்தே 20 வயதைத் தாண்டியவன் தேங்கிவிடுவான். வேறு கிளப்புக்குத் தற்காலிகமாக லோன் அனுப்பும்போது அந்தக் கிளப்பின் பெயரைப் பார்க்காமல், எத்தனை ஆட்டம், எந்த இடத்தில் ஆடவைப்பார்கள் என்று பாருங்கள்.

இனி மூத்தவர்கள். 30 தாண்டியவரை வாங்குமுன் நேச்சுரல் ஃபிட்னஸ் என்ற உடல்தகுதி எண்ணைப் பாருங்கள். அது உயர்ந்திருந்தால் உடல் தாமதமாகத்தான் தளரும். கோல்கீப்பர்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஒப்பந்தத்தில் ஒரு பொறி இருக்கிறது: கடைசி ஆண்டில் இத்தனை லீக் ஆட்டம் ஆடினால் தானாக ஓராண்டு நீளும் என்ற ஷரத்து. கவனிக்காமல் தொடர்ந்து ஆடவைத்தால் 35 வயதுக்காரரின் சம்பளம் இன்னொரு வருடம் உங்கள் தலையில்.

என் பெரிய குறை ஆட்டக் களத்தில்தான். பேஸ் (ஓட்ட வேகம்), ஆக்ஸலரேஷன் (வேகமெடுக்கும் திறன்) இரண்டுக்கும் இந்த ஆட்டம் கொடுக்கும் எடை மிக அதிகம். சரியான இடத்தில் நிற்கும் திறனான பொசிஷனிங் 17 வைத்திருக்கும் டிஃபென்டரும் பேஸ் 8 என்றால், பின்னால் விழும் ஒவ்வொரு பந்துக்கும் மூச்சு வாங்குகிறார். தடுப்பு வீரர்கள் நிற்கும் டிஃபென்சிவ் லைனை நம் கோல் பக்கம் ஒரு படி இறக்கினால் ஓரளவு தப்பிக்கலாம்.

ஸ்பெயினின் அத்லெட்டிக் பில்பாவோவை எடுத்து ஆடினால், மூத்தவர்களுக்குக் கிள்ளிக் கொடுக்கும் குறை இன்னும் தெளிவாகத் தெரியும். பாஸ்க் பகுதியைச் சேர்ந்தவர்களையோ அங்கே வளர்ந்தவர்களையோ மட்டும் எடுக்கும் கிளப். அந்த விதி ஆட்டத்திலும் உண்டு. நிஜத்தில் 2024 ஏப்ரல் 6 அன்று மல்லோர்காவுக்கு எதிரான கோப்பா டெல் ரே என்ற ஸ்பெயின் கோப்பை இறுதியில், பில்பாவோவின் 21 வயது நிக்கோ வில்லியம்ஸ் கொடுத்த பந்தில் அதே அணியின் சான்செட் அடித்துச் சமன் செய்தார். பெனால்டி வந்தபோது அவர்களுக்காக முதலில் நடந்துபோனவர் 37 வயது ராவுல் கார்சியா, அடுத்து 31 வயது முனியாயின். இருவரும் அடித்தார்கள், 40 ஆண்டு கழித்து அந்தக் கோப்பை வந்தது. கணினி ஆட்டத்தில் பெனால்டிக்கும் பதறாமைக்கும் எண் உண்டு. ஆனால் அப்படி ஒரு மூத்தவர் பக்கத்தில் நிற்பதால் 19 வயதுக்காரனின் கால் நடுக்கம் நிற்கிறதே, அதைக் களத்தில் எங்கும் உணர முடிவதில்லை. மூத்தவரின் மதிப்பு மென்டரிங் திரையோடு முடிந்துவிடுகிறது.

ஐரோப்பியப் போட்டி விதிகளை மட்டும் அச்சு அசலாக வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பட்டியலில் 25 இடம். எட்டு இடம் உள்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு, அதில் நான்கு உங்கள் கிளப்பிலேயே வளர்ந்தவர்களுக்கு. ஆள் இல்லையென்றால் இடம் காலியாகவே போகும். உங்கள் கிளப்பில் வளர்ந்தவர் என்று கணக்காக, 15 முதல் 21 வயதுக்குள் மூன்று சீசனோ 36 மாதமோ உங்களிடம் இருந்திருக்க வேண்டும், வேறு கிளப்பில் லோனில் கழித்த காலம் கணக்கில் வராது. ஆகவே 16 வயதில் வந்தவனை 19 வரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, பிறகு லோனுக்கு அனுப்புங்கள்.